வாசற்கதவும் மரணக்கணக்கும்

நெதர்லாந்தின் தெற்கு எல்லையோரம் பார்லே என்றோர் ஊர் இருக்கிறது. ஊர் ஒன்றுதான், நாடுகள் இரண்டு. நெதர்லாந்து நிலத்தின் நடுவே பெல்ஜியத்துக்கு உரிய இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் தீவுகளைப்போலக் கிடக்கின்றன. தெருவில் வெள்ளைக் குறியிட்டு எல்லையைக் காட்டியிருப்பார்கள். வீட்டின் குறுக்கே கோடு போனால், வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு என்பது அங்கே மரபு. 2020 மார்ச்சில் பெல்ஜியம் கடைகளை மூடச்சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. கோட்டின் மேல் நின்ற ஒரு கடையில் பெல்ஜியப் பாதிக்கு மட்டும் நாடா கட்டி மறித்துவிட்டு மறுபாதியில் வியாபாரம் நடந்தது.

கடையை இப்படிப் பிரித்தது வேடிக்கைச் செய்தியாக உலகைச் சுற்றிவந்தது. இறந்தவர்களையும் அதே கோடு பிரித்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை.

அந்த ஏப்ரலில் இரண்டு முதியவர்கள் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பெல்ஜிய முதியோர் இல்லத்தில். மற்றவர் நெதர்லாந்து இல்லத்தில். அதே காய்ச்சல், அதே மூச்சுத்திணறல். இருவருக்கும் சோதனை செய்யப்படவில்லை. முன்னவர் அன்றைய கொரோனா மரணக்கணக்கில் சேர்வார். மருத்துவரின் ஐயமே பெல்ஜியத்துக்குப் போதுமானதாக இருந்தது. பின்னவர் சேரமாட்டார். நெதர்லாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் நாள்தோறும் வெளியிட்ட எண்ணிக்கை சோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டுமே உரியது. ‘உறுதிசெய்யப்பட்ட’ என்ற ஒற்றைப் பெயரெச்சம் செய்த வேலை இது. உரைநடையில் பெயரெச்சங்களைக் கண்டால் வெட்டத் துடிக்கும் நாங்களே இதனிடம் சற்று மிரண்டுதான் போனோம்.

விளைவு தெரிந்ததே. அவ்வசந்தத்தில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிக மரணம் நிகழ்ந்த நாடுகளின் வரிசையில் பெல்ஜியம் முன்னுக்கு வந்து நின்றது. அதன் மரணங்களில் ஏறக்குறையப் பாதி முதியோர் இல்லங்களில் நிகழ்ந்தவை. தொடக்கத்தில் அவற்றுள் பெரும்பாலானவை சோதிக்கப்படாதவை. நாட்டின் பெயர் கெடுகிறது என்ற முணுமுணுப்பு உள்ளேயே எழுந்தது. எண்ணிக்கை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, வெளிப்படையாக இருப்பதே தம் தெரிவு என்று பிரதமர் சோஃபி வில்மெஸ் கூறினார். அந்த ஏப்ரலிலேயே உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட இறப்புச் சான்றிதழ் வழிகாட்டுதலும், சோதனையில் உறுதியாகாத, நோய்க்குறிகளால் அறியப்பட்ட மரணங்களைச் சேர்க்கவே சொன்னது. சொன்னபடி நடந்த நாடு பட்டியலின் உச்சியில் குற்றவாளிபோல் நின்றதுதான் மிச்சம்.

பெல்ஜியம் செய்ததே சரி என்பது எங்கள் கருத்து. ஆயினும் அந்நாட்டை இதைக்கொண்டு முற்றிலும் விடுவித்துவிடவும் முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் பிற்பாடு இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 2020இல் கொரோனாவால் மாண்டவர் சுமார் 20,000 பேர் என்றது. அன்றாட அறிக்கைகளின்படி அவ்வாண்டின் கூட்டுத்தொகையோ ஏறத்தாழ 11,500தான். பெல்ஜியத்தின் கணக்கு 19,500 அளவில் இருந்தது. பெல்ஜியத்தில் அப்போது 1.15 கோடி மக்கள், நெதர்லாந்தில் 1.74 கோடி. வகுத்துப் பாருங்கள்: அன்றாட அறிக்கைகளை நம்பினால் பெல்ஜியத்தின் இறப்பு விகிதம் அண்டை நாட்டைப்போல் இரண்டரை மடங்கு, சான்றிதழ்களை நம்பினால் ஒன்றரை மடங்கு. வித்தியாசத்தில் பெரும்பகுதி வரையறையின் வேலை. எஞ்சியது உண்மையான துயரம். முதியோர் இல்லங்கள் கைவிடப்பட்டதைக் குறித்து ஆம்னெஸ்டி அமைப்பு 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை கடுமையானது. அதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு பெல்ஜியத்துக்கு இருந்தது.

ஐரோப்பியரை மட்டும் சொல்வானேன்? 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. அதற்கு முந்தைய நாள்வரை நம்மில் எத்தனை பேர் அண்டை மாநிலங்களின் எண்களோடு நம் எண்ணை ஒப்பிட்டுப் பெருமிதமோ கோபமோ கொண்டிருந்தோம்! நாங்களும் கொண்டோம். எண்ணைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிட்டோம். அது எதை எண்ணிய எண் என்று கேட்கத் தோன்றவில்லை.

இருநாட்டு எண்களை அருகருகே அச்சிடும் எந்தப் பத்திரிகையும் இரண்டின் வரையறையையும் அதே அளவு எழுத்தில் மேலேயே அச்சிடவேண்டும் என்று கேட்கிறோம். அடிக்குறிப்பாகப் போடுவது போதாது. அதற்கு இரண்டு வரி இடம் ஆகும். இடமில்லை என்றால் பட்டியலை விட்டுவிடலாம்.