டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும் முன்

“ஆஃப்-ரோடு போற டீசல் வண்டியா? முதல்ல டிரான்ஸ்ஃபர் கேஸை மாத்துங்க சார்.” தாம்பரம், முடிச்சூர், வண்டலூர் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவுரை புதிதல்ல. எஞ்சினின் இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் இந்தப் பெட்டி கம்பெனி கொடுத்ததில் மெலிசு, டீசலின் இழுவையைத் தாங்காது, கனத்த பெட்டி போட்டால்தான் நிம்மதி என்கிறார்கள். இதை நம்பி வண்டி விலையில் கணிசமான பங்கை ஒரு பழைய இறக்குமதிப் பெட்டிக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

டீசலின் டார்க் பெட்டியை உடைத்துவிடும் என்பதுதான் முதல் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020இல் வந்த மஹிந்திரா தார் டீசலின் உச்ச டார்க் 300 நியூட்டன் மீட்டர். முதல் கியர் நான்கு மடங்கு, லோ ரேஞ்ச் இரண்டரை மடங்கு என்று தோராயமாக வைத்தால், டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டு வெளியேறுவது 3,000. ஆக்ஸிலில் இன்னொரு நான்கு மடங்கு கூடினால் சக்கரத்துக்கு 12,000. ஆனால் தரை எவ்வளவு வாங்கும்? ஆட்களோடு 2 டன் எடை, காய்ந்த தார்ச்சாலையின் பிடி 0.8, டயரின் ஆரம் 38 சென்டிமீட்டர் என்றால், நான்கு சக்கரமும் சேர்ந்து ஏறக்குறைய 6,000தான் வாங்கும். அதற்கு மேல் டயர் வழுக்கிவிடும். நம் ஏரிக்கரைக் களிமண்ணில் மழை பெய்த பிறகு இதில் பாதிகூடக் கிடைக்காது. லோவில் கம்பெனி எஞ்சினே தரை தாங்குவதைப் போல இரண்டு மடங்கு தர வல்லது. ரீமேப் செய்து 300ஐ 360 ஆக்கினாலும் அங்கே பெட்டியின் மேல் விழும் சுமை கூடப்போவதில்லை. டயர் கொஞ்சம் முன்னதாகச் சுழலும், அவ்வளவே.

அப்படியென்றால் எது உடைக்கிறது? அதிர்ச்சி. காற்றில் தூக்கி நிற்கும் சக்கரம் முழு ஆக்சிலரேட்டரில் சுற்றுகிறது. வண்டி சரிந்து அது பாறையில் பட்டதும் சட்டென்று நிற்கிறது. சுழன்றுகொண்டிருந்த அத்தனை இரும்பின் வேகமும் அந்த நொடியில் ஓரிடத்தில் இறங்குகிறது. அப்போதும் பெரும்பாலும் முதலில் போவது புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸோ ஆக்ஸில் ஷாஃப்டோதான். பெரிய டயரும் சுமையைக் கூட்டும், ஏனென்றால் ஆரம் கூடினால் தரை திருப்பித் தள்ளும் முறுக்கும் கூடும். டயரைப் பெரிதாக்கிவிட்டுப் பழியை எஞ்சின் மேல் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் கொழுக்குமலை ஜீப்புகளைப் பார்க்கட்டும். சூரியநெல்லியிலிருந்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கற்பாதையில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகின்றன பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகள். இன்றைய தாரின் இழுவைக்கு முன்னால் அவற்றின் எஞ்சின்கள் மிக எளியவை. ஓட்டுநர்கள் சக்கரத்தைச் சுழல விடுவதில்லை. சின்ன கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பெட்டியின் ஆயுள் அந்தக் காலில் இருக்கிறது.

அடுத்து, சங்கிலியால் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோசம், கியரால் இயங்குவதுதான் உறுதி என்ற பேச்சு. அமெரிக்க டிரக்குகளில் வந்த என்பி 205 போன்ற வார்ப்பிரும்பு கியர் பெட்டிகள் உண்மையிலேயே உறுதியானவை, மறுக்கவில்லை. ஆனால் அதை நம் வண்டியில் பொருத்தினால் எடை ஏறும், இரைச்சல் ஏறும். பெட்டியின் நீளம் கூடினால் பின் ஷாஃப்டைக் குறுக்க வேண்டும். குறுகினால் அதன் சாய்வுக் கோணம் கூடும், அதிர்வு வரும், கிராஸ் சீக்கிரம் தேயும். லோ ரேஞ்சை இன்னும் குறைவாக்கினால் பலம் என்பதும் பாதி உண்மைதான். ஜீப் ரூபிகானின் நான்குக்கு ஒன்று லோ, பாறை மேல் ஊர்ந்து போவதற்கான கட்டுப்பாட்டைத் தருகிறது. ஆனால் கற்களுக்கிடையில் சிக்கிய சக்கரத்தின் மேல் கூடுதல் முறுக்கு விழும்போது, அதை ஆக்ஸிலும் கிரவுன் பினியனும்தான் தாங்க வேண்டும்.

தென் சென்னைப் புறநகரில் பெட்டியைக் கொல்வது பாறையல்ல, தண்ணீர். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023இல் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடி அதே கதை. ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. டிரெயின் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இறங்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் எவ்வளவு கனத்த பெட்டியானாலும் பேரிங் அரித்துப்போகும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் கொண்டுபோய்க் கட்ட ஆகும் செலவு சில நூறு ரூபாய். எண்ணெயிலும் கவனம் வேண்டும். சங்கிலிப் பெட்டிகள் பலவற்றுக்கு மெல்லிய ஏடிஎஃப் எண்ணெயைத்தான் கையேடு சொல்கிறது. “டீசல் வண்டிக்குக் கெட்டியா இருக்கணும்” என்று கியர் ஆயிலை ஊற்றுவது தவறு.

ஃபோர் வீலில் போட்டால் எந்தச் சாலையிலும் பாதுகாப்பு என்பது எல்லாவற்றையும் விட ஆபத்தான நம்பிக்கை. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த ஜிஎஸ்டி சாலையில் வழுக்காது. முறுக்கு முழுவதும் பெட்டிக்குள் ஏறி நிற்கும், லீவர் டூ வீலுக்கு வராமல் அடம்பிடிக்கும். “பெட்டி வீக்” என்று வருகிற புகார்களில் இப்படி ஓட்டி வந்தவையும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளரின் மூலக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பெரிய மாற்றம் செய்த வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரரின் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கனத்த பெட்டி யாருக்கும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சாலைக்கு வராமல் போட்டிக்கு மட்டும் ஓடும் வண்டியில் பெரிய டீசல் எஞ்சினும் அகலமான பெரிய டயரும் ஏற்றி, ஆக்ஸில்களையும் அதற்கேற்ப மாற்றியவருக்கு அது அவசியம். அவர் பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. தாங்கும் டார்க், இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் எண்ணிக்கை, முன் ஷாஃப்ட் இடப்பக்கம் இறங்குகிறதா வலப்பக்கமா, பெட்டியின் நீளம், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன் டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.