அனாமத்து வயர்

பி.காம். படிக்கிறவனுக்கு பைக் வயரிங் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. இருப்பாய்வு ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா வித்தியாசத்தை எங்க போடுவோம்? அனாமத்துக் கணக்குல. அப்படிப் போடுறது தப்பில்ல. போட்டுட்டு மறந்துடுறதுதான் தப்பு. போன மாசம் எங்க மாமாவோட டூரிங் பைக்ல தொங்கின ஒரு வயர், இந்தப் பாடத்தை எனக்கு மறுபடி நடத்துச்சு.

மாமாவும் அத்தையும் வால்பாறை போறதா திட்டம். அதுக்காக பின்னாடி ரெண்டு பக்கமும் பெட்டி மாட்ட கேரியர் போட்டிருந்தாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தா, வலது ஃபுட்ரெஸ்ட்டுக்கு மேல ஒரு வயர் அனாதையா தொங்குது. ஹாரன், இண்டிகேட்டர், ஹெட்லைட், பிரேக் லைட் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எல்லாமே வேலை செய்யுது. மெக்கானிக் அண்ணனுக்கு போன் பண்ணினா, "எக்ஸ்ட்ரா வயரா இருக்கும் தம்பி, டேப் சுத்தி உள்ள தள்ளிரு"ன்னாரு. மாமாவுக்கு அது போதும்.

அண்ணன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஃபாக் லேம்ப் மாதிரி பின்னால மாட்டுற சாமானுக்காக நிறைய வண்டியில காலி கனெக்டர் விட்டிருப்பாங்க. ஆனா அதுக்கு ஒழுங்கான முனை இருக்கும். இதுல செம்பு இழை பிஞ்சு நின்னுச்சு. பிஞ்சிருக்குன்னா, அது ஏற்கனவே எங்கயோ சேர்ந்திருந்ததுன்னுதானே அர்த்தம்?

சிலர் கலரைப் பார்த்தே முடிவு பண்ணிடுவாங்க. யமஹாவுல கறுப்பு எர்த். ஹோண்டாவுல பச்சைதான் எர்த். கறுப்புல பெரும்பாலும் சாவி போட்டதும் கரண்ட் வரும். "கறுப்புன்னா நெகட்டிவ்"னு அதைக் கொண்டுபோய் சேஸிஸ்ல சேர்த்தா ஃப்யூஸ் போயிடும். எங்க வயர்ல அழுக்குல கலரே தெரியல, அது வேற விஷயம் :-)

பக்கத்து வீட்டுல மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். டிசி வோல்டேஜ்ல வச்சு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பை இந்த வயர்லயும் வச்சேன். சாவி ஆஃப், 0. சாவி ஆன், அப்பவும் 0. சரி, எக்ஸ்ட்ரா வயர்தான் போலன்னு நினைச்ச நேரத்துல மீட்டர் 12-ஐத் தாண்டிக் குதிச்சுது. அடுத்த நொடி மறுபடி 0. நிமிர்ந்து பார்த்தா, வண்டி உருளாம இருக்க மாமா முன் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுட்டு இருக்காரு.

அப்பத்தான் புரிஞ்சுது. பிரேக் லைட்டுக்கு சுவிட்ச் ரெண்டு, கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. ரெண்டும் கடைசியில ஒரே பல்புக்குத்தான் போகுது. அதனால கை பிரேக் பிடிச்சா வர்ற கரண்ட், கால் சுவிட்ச்ல இருந்து பிஞ்சு தொங்குற வயர்லயும் வந்து நிக்கும். பெடலை மட்டும் மிதிச்சுப் பார்த்தோம். லைட் எரியல. கேரியர் மாட்டும்போது இழுத்திருக்கணும். மிச்சத் துண்டு சுவிட்ச்லயே ஒட்டிட்டு இருந்துச்சு.

நாங்க கையால மட்டும் சோதிச்சுட்டு "பிரேக் லைட் சரி"ன்னு டிக் போட்டிருக்கோம். பொள்ளாச்சி - வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. பெட்டி ரெண்டும் நிறைஞ்சு, பின்னாடி அத்தையும் உக்காந்து இறங்கும்போது மாமா வளைவுக்குள்ள காலைத்தான் அதிகம் மிதிப்பாரு. பின்னாடி வர்ற பஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்?

டேப் சுத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. நடுவழியில ஒரு வயர் தொங்கினா, அது சேஸிஸ்ல உரசாம இருக்க டேப் சுத்துறதுதான் சரி. ஆனா வீட்டுக்கு வந்ததும் பிரிச்சுப் பாருங்க. எது எரியுதுன்னு மட்டும் பார்க்காதீங்க, எதைத் தொட்டா எரியுதுன்னு ஒவ்வொண்ணா பாருங்க. கண்டுபிடிச்சப்புறம், இணைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க.

ஒரு ரூபா வித்தியாசம்தானேன்னு விட்டா, அதுக்குப் பின்னாடி ரெண்டு பெரிய தப்பு ஒண்ணை ஒண்ணு மறைச்சுட்டு நிக்கலாம்னு வகுப்புல சொல்லுவாங்க. தொங்குற வயரும் அப்படித்தான். சொந்தக்காரன் யாருன்னு தெரியாம கணக்கை மூடாதீங்க.

மாமாவும் அத்தையும் பத்திரமா போயிட்டு வந்துட்டாங்க. மல்டிமீட்டரைத்தான் இன்னும் திருப்பிக் குடுக்கல.