குவாட் பைக்கும் குதிரைத்திறனும்: ஒரு வயித்தெரிச்சல் பதிவு

டிஸ்கி: குவாட் வச்சிருக்கிற அண்ணன்மார் மனசு புண்பட்டா கம்பெனி பொறுப்பில்லை. ஆட்டோ அனுப்பறவங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு அனுப்பவும்.

விக்டோரியாவுல தெற்கு கிப்ஸ்லாந்து பக்கம் 14 ஏக்கர் வாங்கின கதையை எழுதி எழுதி உங்க பொறுமையை ஏற்கனவே நிறைய சோதிச்சாச்சு. அந்த 14 ஏக்கர்ல சமதளம்னு பார்த்தா வீடு இருக்கிற இடமும் தண்ணித் தொட்டி இருக்கிற இடமும்தான். மிச்சமெல்லாம் மேடு, பள்ளம், ஈரப்புல்லு, வாம்பட் தோண்டின குழி. இதுல வேலி கம்பம் தூக்கிட்டுப் போகவும் பிளாக்பெர்ரி புதருக்கு மருந்தடிக்கவும் ஒரு வண்டி வேணும். சரி, முதல் ஏடிவி வாங்கிடுவோம்னு கிளம்பினேன்.

தெரியாதவங்களுக்கு: நாலு பலூன் டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், குதிரை மேல உக்கார மாதிரி கால் விரிச்சு உக்காரணும், முன்னாடியும் பின்னாடியும் சாமான் வைக்க கம்பித்தட்டு. அமெரிக்காவுல ஏடிவி, இங்கே குவாட் பைக். இதுல பெருசுங்க 300 கிலோவுல ஆரம்பிச்சு 400 கிலோ வரைக்கும் போகும்.

நம்ம குணம் தெரியுமே. ஒரு மிக்ஸி வாங்கவே எக்செல் ஷீட் போடற ஜாதி. மூணு வாரம் உக்காந்து ஒப்பீடு போட்டேன். யமஹா கிரிஸ்லி 686 சிசி. பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 567 சிசி, 44 குதிரை. ஹோண்டாவுல பெல்ட் கிடையாது, கியர்தான், அதனால பெல்ட் நனைஞ்சு வழுக்கற பிரச்சனை இல்லை. கான்-ஆம் அவுட்லேண்டர்ல ரோட்டாக்ஸ் இன்ஜின். சீனாவோட சிஎஃப்மோட்டோ விலை குறைவு. எது எவ்வளவு இழுக்கும், வின்ச் எத்தனை பவுண்டு, கிரவுண்ட் கிளியரன்ஸ் எத்தனை இன்ச்... 22 காலம் இருந்துச்சு அந்த ஷீட்ல. நண்பர் ஒருத்தருக்கு அனுப்பினேன். "தம்பி, 700 சிசிக்குக் கீழ போகாதே, அப்புறம் வருத்தப்படுவே"ன்னு பதில் வந்துச்சு. நானும் தலையாட்டினேன். அந்த 22 காலத்துல ஒண்ணுகூட "இந்த வண்டி எப்போ கவிழும்"னு கேக்கலை. வயித்தெரிச்சல் இதுதான்.

எனக்கு புத்தி வந்த கதை இப்படி. பக்கத்துப் பண்ணைக்காரர், 70 வயசைத் தாண்டினவர், ஊருக்கே நல்ல மனுசர். "வாங்கறதுக்கு முன்னாடி என் வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பாரு"ன்னு சாவியைக் கொடுத்தார். என்ன பிராண்டுன்னு சொல்ல மாட்டேன், அது முக்கியமும் இல்லை. பின்னாடி 100 லிட்டர் மருந்து டேங்க் கட்டியிருந்தார். எதுக்கு வம்புன்னு பாதிதான் நிரப்பினேன். மேட்டுக்குக் குறுக்கா, மெதுவா, நடக்கிற வேகத்துலதான் போனேன். இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். மேட்டுப்பக்கத்து சக்கரம் ஒரு புல்லுத்திட்டு மேல ஏறிச்சு, அவ்வளவுதான். டேங்க்ல இருந்த 50 கிலோ தண்ணி மொத்தமும் பள்ளத்துப் பக்கம் சரிஞ்சது முதுகுக்குப் பின்னாடி 'தொபுக்'னு கேட்டுச்சு. இடப்பக்க சக்கரம் ரெண்டும் காத்துல. நான் மேட்டுப்பக்கமா உடம்பைச் சாய்ச்சேனா, இல்லை பயத்துல விழப் போனேனான்னு இன்னிக்கும் தெரியலை. வண்டி மறுபடி தரையில உக்காந்துச்சு. இன்ஜினை அணைச்சுட்டு ஒரு பத்து நிமிசம் புல்லுல உக்காந்திருந்தேன். வீட்டம்மாகிட்ட இந்தப் பதிவு வர வரைக்கும் சொல்லலை. (இப்போ சொல்லியாச்சு. இரவு சாப்பாடு கேள்விக்குறி :-( )

முழு டேங்கா இருந்திருந்தா 100 கிலோ தண்ணி. பின் கம்பித்தட்டுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்ன எடை 80 கிலோ. அந்த டேங்க் அந்த வண்டிக்கே ஆகாது. ஆனா ஊர் பூரா அப்படித்தான் ஓடுது.

அப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். கணக்கு பத்தாங்கிளாஸ் கணக்குதான். ஒரு வண்டி பக்கவாட்டுல எந்த சாய்மானத்துல கவிழும்ங்கிறதை ரெண்டு விசயம் தீர்மானிக்குது: ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற அகலத்துல பாதி, அதை வகுக்க எடைமையம் தரையில இருந்து இருக்கிற உயரம். குவாட் குறுகலான வண்டி, மரத்துக்கு நடுவுல புகணும்னு அப்படிச் செஞ்சது. எடைமையம் உயரம், அதுக்கு மேல நாம உக்காந்திருக்கோம். விளம்பரத்துல பெருமையா போடறாங்களே கிரவுண்ட் கிளியரன்ஸ், அது ஏற ஏற எடைமையமும் ஏறும். நான் பச்சைக் கலர் அடிச்சு "அதிகம் = நல்லது"ன்னு வச்சிருந்த காலம் அது! இதுல பல வண்டியில பின்னச்சு ஒரே கட்டையா ரெண்டு சக்கரத்தையும் பூட்டியிருக்கும். திரும்பும்போது உள்சக்கரம் மெதுவா சுத்த முடியாது, அதனால வண்டி நேராவே போகப் பார்க்கும். ஓட்டறவன் உடம்பைத் தூக்கிச் சாய்ச்சுதான் திருப்பணும். இதுக்கு "ஆக்டிவ் ரைடிங்"னு அழகா பேரு வச்சிருக்காங்க. அதாவது எடையைச் சரி பண்ற பொறுப்பு கம்பெனிக்கு இல்லை, உங்க இடுப்புக்கு.

ஆஸ்திரேலியாவுல 2011 முதல் 2018 வரைக்கும் வருசத்துக்கு சராசரியா 16 பேர் குவாட்ல செத்திருக்காங்க. பாதிக்கு மேல வண்டி கவிழ்ந்துதான். அதுல சிலருக்கு பெரிய காயமே கிடையாது. வண்டி நெஞ்சு மேல உக்காந்திருச்சு, மூச்சு விட முடியலை. பண்ணையில தனியா வேலை செய்யறவனைத் தேடி யார் வருவா? சாயங்காலம் சாப்பாட்டுக்கு வரலையேன்னுதான் தேடுவாங்க.

இவ்வளவு நடந்த பிறகு இங்கத்திய நுகர்வோர் ஆணையம், ஏசிசிசி, பரிந்துரைச்சு 2019 அக்டோபர்ல ஒரு கட்டாயத் தரநிலை வந்துச்சு. முதல் கட்டம் 2020 அக்டோபர் 11: புது குவாட் ஒவ்வொண்ணுலயும் அது எத்தனை டிகிரியில சாயத் தொடங்கும்னு ஒரு அட்டை தொங்கணும். ரெண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 11: பண்ணை வேலைக்கான குவாட்ல ஓட்டுநர் பாதுகாப்புக் கம்பி, சுருக்கமா ஓபிடி, இருந்தே ஆகணும். அதோட பக்கவாட்டுல 28.81 டிகிரி, முன்பின் 38.65 டிகிரி வரைக்கும் சாயாம நிக்கணும். ஓபிடின்னா பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சீட்டுக்குப் பின்னாடி கொண்டை ஊசி மாதிரி நிக்கிற குவாட்பார், இல்லைன்னா நியூசிலாந்துல செஞ்ச வளையற வளையம் மாதிரியான லைஃப்கார்ட். வண்டி தலைகீழா ஆனா தரைக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ஆள் மூச்சு விடற அளவுக்கு இடம் கிடைக்கும். அதான் விசயமே.

இதுக்குப் பெரிய கம்பெனிங்க என்ன செஞ்சாங்க? ஹோண்டா, யமஹா, பொலாரிஸ் எல்லாம் ஆஸ்திரேலியாவுல குவாட் விக்கறதையே நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. ஒரு கம்பியை மாட்டறதுக்கு பதிலா கடையையே மூடறது! அவங்க வாதத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா நடுநிலைக் காவலர்கள் வந்துடுவாங்க. கவிழும்போது அந்தக் கம்பியே ஆளை அடிக்கலாம், ஹெல்மெட்டும் பயிற்சியும்தான் தீர்வு அப்படின்னாங்க. கம்பி அடிக்கலாம்தான், இல்லைங்கலை. 350 கிலோ வண்டி அடிக்கிறதை விடவா? ஏசிசிசி அந்த வாதத்தையும் கேட்டுட்டுத்தான் கம்பி வேணும்னு முடிவெடுத்துச்சு. ஹெல்மெட் கண்டிப்பா போடணும். ஆனா நெஞ்சுக்கு ஹெல்மெட் கிடையாதே.

இந்தப் பாட்டு புதுசும் இல்லை. 1970ல ஹோண்டா மூணு சக்கர ஏடிவியை அமெரிக்காவுல விட்டாங்க. எண்பதுகள்ல சாவு எண்ணிக்கை ஏறி, அரசாங்கம் வழக்கு வரைக்கும் போய், 1988 ஒப்பந்தத்துல மூணு சக்கர வண்டி விற்பனையை நிறுத்தினாங்க. அதுவரைக்கும் அதையும் "ஓட்டத் தெரிஞ்சவன்" ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தான்.

"ஓட்டத் தெரிஞ்சவன் கவிழ மாட்டான்." இதைச் சொல்லாத ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கலை. வண்டி கொடுத்த பண்ணைக்காரர் 40 வருசமா ஓட்டறவர். நான் நடந்ததைச் சொன்னதும் சிரிச்சுட்டு, தானே ரெண்டு தடவை கவிழ்ந்திருக்கேன்னார். ரெண்டு தடவையும் வண்டி அந்தப் பக்கம் உருண்டுச்சாம், இவர் இந்தப் பக்கம் விழுந்தாராம். இதைத்தான் அனுபவம்ங்கறோம். எனக்கு இது சீட்டுக்கட்டு மாதிரி தெரியுது.

அப்போ முதல் வண்டி வாங்கறவன் எதைத்தான் பார்க்கணும்? முதல்ல அந்தத் தொங்கற அட்டையைப் பாருங்க. அந்த டிகிரியும் அசையாம நிக்கிற மேசை மேல, ஆடாத சுமையோட அளந்தது. புல்லுத்திட்டு, குழி, திருப்பம், ஆடற தண்ணி எல்லாம் அதுல இருந்து கழிச்சுக்கிட்டே வரும். 28 டிகிரின்னா 28 டிகிரி மேட்டுல போகலாம்னு அர்த்தம் இல்லை. அடுத்து, இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டா இன்ஜின் வண்டியைப் பிடிக்குதா, அதுவும் நாலு சக்கரத்துலயும் பிடிக்குதான்னு ஓட்டிப் பாருங்க. அது மட்டும்தான் என் 22 காலத்துல உருப்படியான ஒண்ணு. குதிரைத்திறன்? மருந்து டேங்கை 8 கிலோமீட்டர் வேகத்துல இழுக்க 44 குதிரையே அதிகப்படி. 700 சிசி இல்லைன்னு பிளாக்பெர்ரி சாகாம நிக்கப் போறதில்லை.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. உங்களுக்கு நிஜமாவே குவாட்தான் வேணுமா? சைட் பை சைட்னு ஒண்ணு இருக்கு. பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டு, ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல கூண்டு, பின்னாடி குட்டி லாரி மாதிரி தொட்டி. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010கள்ல குவாட், சைட் பை சைட் ரெண்டையும் சாய்மேசையில ஏத்தி சோதிச்சு, காருக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் நட்சத்திர மதிப்பீடு கொடுக்கணும்னு சொன்னாங்க. பொதுவா சைட் பை சைட்தான் மேல வந்துச்சு. ஆனா பெல்ட் போட்டாத்தான். பெல்ட் போடாம அதுல கவிழ்ந்தா அந்தக் கூண்டே நசுக்கும். விலை ஜாஸ்தி, அகலம் ஜாஸ்தி, குறுகலான வாசல்ல நுழையாது. காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதையில வேலின்னா குவாட்தான் போகும், அவங்களோட எனக்குச் சண்டை இல்லை. மேட்டு நிலத்துல மருந்தும் கம்பமும் தூக்கற என்னை மாதிரி ஆளுக்கு பெரிய குவாட் எதுக்கு? நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். கெத்துக்குத்தான்.

கடைசியா ஒரு கண்ணி. 2021க்கு முந்தின பழைய ஹோண்டா, யமஹாவுக்கு பழைய சந்தையில செம கிராக்கி. அந்தத் தரநிலை புது வண்டிக்கும், வெளிநாட்டுல இருந்து இறக்கற பழைய வண்டிக்கும்தான். உள்ளூர்ல கைமாறற பழைய குவாட்டுக்கு அட்டையும் கிடையாது, கம்பியும் கிடையாது. "இப்போ வர வண்டி மாதிரி கண்ட கம்பியெல்லாம் இல்லை சார்"னு விக்கறவரே அதை ஒரு பெருமையா சொல்றார். என்கிட்டயே ஒருத்தர் சொன்னார். அப்படி ஒண்ணு ஏற்கனவே உங்க கொட்டகையில இருந்தா ஓபிடியைத் தனியா வாங்கி மாட்டலாம். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கொட்டகைக் கதவுல இடிக்கும்னு சொல்லிட்டார். விடாம சொல்லிக்கிட்டு இருக்கேன், கதவை உயர்த்தற செலவுல பாதி நான் போடறேன்னும் சொல்லியிருக்கேன்.

எக்செல் ஷீட்டை அழிச்சுட்டேன். சனிக்கிழமை ஒரு பழைய சைட் பை சைட் பார்க்கப் போறேன், பெல்ட் ரெண்டும் ஒழுங்கா மாட்டுதான்னு முதல்ல இழுத்துப் பார்த்துட்டுத்தான் இன்ஜின் பக்கமே போவேன். 700 சிசி அண்ணன் உட்பட அனைவரும் பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.