பூட்டிய கணக்கு, திறந்த கணக்கு

1990-களின் ஆய்வுக்கூடங்களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் நிறைந்திருந்தன. அவற்றின் மதர்போர்டில் ஒரு சின்னக் கறுப்பு சிப்பு உண்டு. அதற்குள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரியையும் வைத்து மூடியிருப்பார்கள். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவதும், அந்த இயந்திரத்தின் அடையாள எண்ணான ‘ஹோஸ்ட் ஐடி’யை மறக்காமல் வைத்திருப்பதும் அந்தச் சிப்பின் வேலை. பத்து ஆண்டு சுமாருக்குப் பேட்டரி தாங்கும். அது தீர்ந்த பிறகு இயந்திரத்தைப் போட்டால், அடையாள விவரங்கள் செல்லாது என்று திரையில் ஒரு வரி வரும். பிராசசர் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்க்கில் ஒரு கோப்புகூடக் கெட்டிருக்காது. ஆனால், விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் பல ஓட மறுக்கும். அவற்றின் லைசன்ஸ் அந்த எண்ணோடு முடிச்சுப் போடப்பட்டது. எண் போனால் லைசன்ஸும் போயிற்று.

ஓர் ஆராய்ச்சி தடைபட இதெல்லாம் ஒரு காரணமாகவே இருக்கக் கூடாது. இருந்தது. பேட்டரிகள் மாறிவிட்டாலும் அந்தப் பூட்டின் தத்துவம் இன்னும் மாறவில்லை.

இப்படிப் பூட்டப்பட்டவற்றில் எண்ணியல் லைப்ரரிகளும் அடக்கம். நாளைய மழையைக் கணித்தாலும், பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்தாலும், அடியில் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்பது. பள்ளியில் இரண்டு சமன்பாடு, இரண்டு மாறி என்று செய்ததுதான். எண்ணிக்கை பெருகும்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணையும் சுமார் 16 இலக்கத்தோடு வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான முறை கூட்டிப் பெருக்கும்போது அந்த வெட்டுகள் சேர்ந்து விடையையே விழுங்கிவிடும். அப்படி விழுங்காமல் கணக்கைக் கொண்டுபோவது தனிக் கலை. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் இந்தப் பிழைகளைப் பகுத்தாய்ந்ததற்காகவே 1970-ல் டூரிங் விருது பெற்றார். அவரைப் போன்றவர்கள் ஒருமுறை சரியாக எழுதி வைத்த நிரல்களை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அதற்காகத்தான் லைப்ரரி.

அதே 1970-ல் பர்மிங்காம், லீட்ஸ், மான்செஸ்டர், நாட்டிங்காம், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடின. எல்லோரும் ஐசிஎல் நிறுவனத்தின் ஒரே வகைக் கம்ப்யூட்டரை வாங்கவிருந்தார்கள். ஆளுக்கொரு நிரல் எழுதுவதைவிடச் சேர்ந்து எழுதலாம் என்று முடிவானது. நாக் என்ற புகழ்பெற்ற லைப்ரரி அப்படித்தான் பிறந்தது. முதல் பதிப்பு 1971 அக்டோபரில் வந்தது. பிறகு அது லாப நோக்கமற்ற நிறுவனமாகி, லைப்ரரியை விற்று வரும் பணத்தில் தன்னை நடத்திக்கொண்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அதே காலத்தில் ஐஎம்எஸ்எல் என்ற லைப்ரரி கிளம்பியது. இவர்களைக் குறைத்துப் பேச முடியாது. ஒவ்வொரு நிரலுக்கும் தெளிவான விளக்கம், இயந்திரம் இயந்திரமாகச் சோதித்துப் பார்த்த உறுதி, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் எல்லாம் அந்த விலையில் அடக்கம்.

சிக்கல் விலையில் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பூட்டு வேலை செய்யும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். யூனிக்ஸ் உலகில் பரவலாக இருந்த ஃப்ளெக்ஸ்எல்எம் போன்ற லைசன்ஸ் மேலாண்மை நிரல்கள் ஒரு சாதாரண உரைக் கோப்பைத்தான் கேட்கும். முதல் வரியில் சர்வரின் பெயர், அதன் அடையாள எண், போர்ட் எண். அடுத்து, விற்பவரின் நிரல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி. அதற்குக் கீழே எந்தப் பொருள், எந்தப் பதிப்பு, எந்தத் தேதிவரை, எத்தனை பேர். கடைசியாக எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கையொப்பம். அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கோப்பு செல்லாது. ஆய்வாளரின் நிரல் லைப்ரரியைக் கூப்பிடும்போது, லைப்ரரி முதலில் அந்தச் சர்வரைக் கேட்கும். சர்வர் படுத்திருந்தால் இங்கே கணக்கும் படுத்துவிடும். லினக்ஸ் வந்த பிறகு அடையாள எண்ணுக்குப் பதில் நெட்வொர்க் கார்டின் முகவரியை எடுத்துக்கொண்டார்கள். கார்டு எரிந்து புதிதாக மாற்றினால் மறுபடி விற்றவருக்குக் கடிதம், மறுபடி காத்திருப்பு.

ஒரே பெட்டிக்குள் பல பிராசசர்கள் வந்ததும் இன்னொரு கேள்வி எழுந்தது. பிராசசர் கணக்கில் லைசன்ஸ் என்றால், பிராசசர் என்பது எது? சன் நிறுவனம் 2005-ல் அல்ட்ராஸ்பார்க் டி1 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. சிப்பு ஒன்று, உள்ளே கோர் எட்டு, ஒவ்வொரு கோரும் ஒரே சமயத்தில் நான்கு த்ரெட் ஓட்டும். சோலாரிஸ் இயங்குதளம் அதை 32 பிராசசர் என்றே காட்டியது. விண்ணப்பத்தில் எதை எழுதுவது, 1 என்றா, 8 என்றா, 32 என்றா? தரவுத்தள மென்பொருள் உலகில் மைக்ரோசாஃப்ட் சிப்பை எண்ணுவோம் என்று 2004-லேயே அறிவித்தது. ஆரக்கிளோ கோரை எண்ணி, சிப்புக்குச் சிப்பு மாறும் ஒரு பின்னத்தால் பெருக்கியது. டி1-க்கு அது 0.25. எட்டுக் கோருக்கு இரண்டு லைசன்ஸ். இயந்திரத்தின் வேகத்தோடு இந்த எண்ணுக்கு இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை; விற்பவர் வைத்ததே கணக்கு. ஆராய்ச்சிக்கூடத்தில் இதன் விளைவு நேரடியானது. கோர் கூடக்கூடச் செலவும் கூடும் என்றால், பல கோர்களைப் பயன்படுத்தவே தயங்குவார்கள். வாங்கிய இயந்திரத்தில் பாதி சும்மா கிடக்கும்.

மாற்று வழி இருந்தது. அதுவும் நாக் பிறந்த அதே ஆண்டுகளில், பொதுப் பணத்தில் உருவானது.

வில்கின்சனும் அவருடைய சகாக்களும் அல்கால் மொழியில் வெளியிட்ட நிரல்களை அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் ஃபோர்ட்ரானுக்குக் கொண்டுவந்தார்கள். ஐஸ்பேக் என்ற லைப்ரரி பிறந்தது. 1979-ல் லின்பேக் வந்தது. இரண்டையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். லின்பேக் எழுதிய நால்வரில் ஒருவரான கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே இவற்றைப் பயன்படுத்தட்டும் என்று எழுதியதுதான் மேட்லேப். அது 1984-ல் வணிகப் பொருளாகி உலகம் முழுவதும் போனது. இன்னொருவரான ஜாக் டங்காரா, எரிக் கிராஸ் என்பவரோடு சேர்ந்து 1985-ல் நெட்லிப் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். லின்பேக்கிலிருந்து இந்த நிரலை அனுப்பு என்று ஒரே வரியில் மின்னஞ்சல் போட்டால், மனிதர் யாரும் தொடாமலே நிரல் பதில் அஞ்சலில் வந்து சேரும். வலைத்தளம் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. டங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

பல பிராசசர் இயந்திரங்கள் வந்தபோது லின்பேக் திணறியது. காரணம் எளிது. 1,000 வரிசை, 1,000 நெடுவரிசை கொண்ட இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்க எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் எண்கள் 10 லட்சம். செய்ய வேண்டிய கூட்டலும் பெருக்கலும் சுமார் 200 கோடி. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவர ஆகும் நேரம், அதைப் பெருக்க ஆகும் நேரத்தைவிட மிக அதிகம். அதனால் ஒருமுறை கொண்டுவந்த எண்ணைத் திருப்பி அனுப்பும் முன் எத்தனை முறை பயன்படுத்த முடியுமோ அத்தனை முறை பயன்படுத்த வேண்டும். கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பிராசசரிடம் கொடுக்க வேண்டும். இப்படித் திரும்ப எழுதியதுதான் 1992 பிப்ரவரி 29 அன்று வெளியான லாபேக். அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அதில் இருந்தது. அதை எழுதியவர்களில் நாக் நிறுவனத்தின் ஸ்வென் ஹாமர்லிங்கும் ஜெரமி டு குரோஸும் உண்டு. விற்கும் வீட்டிலிருந்தே ஆட்கள் வந்து, விற்காத லைப்ரரிக்குத் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

லாபேக்குக்கு அடியில் பிளாஸ் என்ற அடுக்கு இருக்கிறது. அணிகளைப் பெருக்கும் முரட்டு வேலை அங்கேதான். அதை அந்தந்தச் சிப்புக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். ஜப்பானில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த கசுஷிகே கோட்டோ இதில் மேதை. அசெம்பிளி மொழியில், கையால், ஒவ்வொரு கட்டளையாக எழுதி, சிப்பு தயாரிப்பாளர்களின் சொந்த லைப்ரரிகளையே முந்தினார். டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் அவர் எழுதிய கோட்டோபிளாஸை நம்பின. பிறகு அவர் வேறு வேலைக்குப் போனார், வளர்ச்சி நின்றது. இன்டெல்லின் அடுத்த தலைமுறைச் சிப்பு வந்தபோது கோட்டோபிளாஸுக்கு அதைத் தெரியாது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டியது. முடியாததற்கு ஒரே காரணம், கடைசிப் பதிப்பு 2010-ல் பிஎஸ்டி உரிமத்தில் வெளியானது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பரப்பலாம். சீன அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த ஜாங் சியான்யியும் நண்பர்களும் 2011-ல் அதை எடுத்துப் புதிய சிப்புகளுக்காகத் தொடர்ந்தார்கள். அதுதான் ஓபன்பிளாஸ். இன்று ஒரு பொறியியல் மாணவர் தன் லேப்டாப்பில் பைத்தான் மொழிக்கான எண்ணியல் லைப்ரரியான நம்பையை நிறுவும்போது, பெரும்பாலும் ஓபன்பிளாஸும் கூடவே வந்து இறங்குகிறது. அடையாள எண் கேட்பதில்லை, தேதி பார்ப்பதில்லை, கோரை எண்ணுவதில்லை.

இலவசம் வேறு, திறந்தது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்டெல்லின் எம்கேஎல் லைப்ரரி இப்போது காசில்லாமல் கிடைக்கிறது, மூலநிரல் கிடைப்பதில்லை. சிப்பில் எழுதியிருக்கும் தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து அது வழியைத் தேர்வு செய்ததால், ஏஎம்டி சிப்பில் மெதுவான பாதையிலேயே ஓடியது. ஒரு மாறியில் 5 என்று எழுதி வைத்தால் அதே லைப்ரரி அதே சிப்பில் வேகமாக ஓடுகிறது என்று பயனர்கள் கண்டுபிடித்துப் பரப்பினார்கள். 2020-ல் வந்த ஒரு பதிப்போடு அந்த வழியும் அடைபட்டது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். ஏன் என்று உள்ளே திறந்து பார்க்கவும் வழியில்லை. இது சரியல்ல.

திறந்து பார்க்க வேண்டிய தேவை வேகத்துக்கு மட்டுமல்ல. கம்ப்யூட்டரில் 10,00,00,00,00,00,00,000 என்ற எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால் விடை 1. வரிசை மாறினால் விடை மாறுகிறது. நான்கு கோரில் ஓடும்போதும் பதினாறு கோரில் ஓடும்போதும் கூட்டும் வரிசை வேறு. அதனால் கடைசி இலக்கங்கள் வேறு. அந்த வித்தியாசம் இயல்பானதா, நிரலில் ஓட்டையா? ஆராய்ச்சியாளர் தன் முடிவுக்குப் பொறுப்பேற்பவர். இந்தக் கேள்விக்கு விடை தேட அவருக்கு நிரலைத் திறக்கும் உரிமை வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. விலை இல்லை என்றால் பராமரிப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? உண்மையிலேயே இது ஆறாத புண். உலகமே சாய்ந்து நிற்கும் நம்பைக்குப் பெரிய நிதி ஒன்று, மூர் அறக்கட்டளையின் சுமார் 6,45,000 டாலர், 2017-ல்தான் வந்தது. அதுவரை பெரும்பாலும் ஓய்வு நேர உழைப்பு. திறந்த லைப்ரரி என்றால் யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்து இலவசமாகச் செய்வது என்ற எண்ணம் போக வேண்டும்.

தீர்வுக்கான பணம் புதிதாக வர வேண்டியதில்லை, இயந்திரச் செலவோடு சேர்ந்தே வரலாம். இந்தியா 2015-ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தை அறிவித்தது. அதன் கீழ் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கியது. அதன் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். மென்பொருள் அடுக்கை அரசு நிறுவனமான சி-டாக் உள்நாட்டிலேயே உருவாக்கியது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால், இப்படிப்பட்ட இயந்திரத்தை வாங்கும்போது டெண்டரில் மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும். அடிப்படைக் கணித லைப்ரரி மூலநிரலோடு வர வேண்டும். லைசன்ஸ் எதுவும் கோர் எண்ணிக்கையோடோ கார்டு முகவரியோடோ கட்டப்படக் கூடாது. இயந்திர விலையில் ஒரு சிறு பங்கு, அந்த லைப்ரரிகளைப் பராமரிக்கும் நிரந்தரப் பணியாளர்களுக்குப் போக வேண்டும்.

ஐஐடி மெட்ராஸ் சக்தி என்ற பெயரில் ரிஸ்க்-வி வகைப் பிராசசர்களை வடிவமைத்து வருகிறது. புதிதாக வரும் எந்தச் சிப்புக்கும் பெரிய நிறுவனம் எதுவும் தானாக முன்வந்து லைப்ரரி எழுதித் தராது. ஓபன்பிளாஸ் மூலநிரலில் ‘கர்னல்’ என்றொரு அடைவு இருக்கிறது. அதற்குள் எக்ஸ்86, ஆர்ம், பவர், மிப்ஸ், ரிஸ்க்-வி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் துணை அடைவு. அங்கே சக்திக்கான கோப்புகளைச் சேர்க்க யாருக்கும் ஹோஸ்ட் ஐடி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அசெம்பிளி எழுதத் தெரிந்த சிலருக்குப் பதவியும் சம்பளமும் வேண்டும், அவ்வளவுதான்.