மறியலிலிருந்து வரும் அப்பாவும் வளர்ந்துவிட்ட மகனும்

கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். ஒன்பது வருட மறியலுக்குப் பின் ஒரு மனிதர் கையில் ஒரு பையோடு காம்பரா வாசலில் வந்து நிற்கிறார். அவர் போனபோது மகனுக்கு ஏழு வயது. இப்போது பதினாறு. மகன் அவரைப் பார்த்து "வாங்க" என்கிறான். "அப்பா" என்று சொல்லவில்லை. சற்று நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விடுகிறான்.

மூன்றாம் நாள் இரவு அவன் பிந்தி வருகிறான். தகப்பன் அதட்டுகிறார். "இத்தனை வருசமா கேக்காத ஆளு இப்ப மட்டும் ஏன் கேக்குறீங்க?" என்று மகன் திருப்பிக் கேட்கிறான். தகப்பன் கையை ஓங்குகிறார். அப்பாயி நடுவில் விழுந்து தடுக்கிறாள். "பெத்த அப்பனுக்கு மரியாதை தெரியாத பயல்" என்று லயமே மகனைத் திட்டுகிறது.

இது எந்தவொரு குடும்பத்தையும் சுட்டிச் சொன்ன கதை அல்ல. ஆனால் இப்படியொரு வாசலைத் தன் ஊரில் கண்டிராதவர் எம்மில் மிகச் சிலரே.

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களுக்கு இதை ஏன் எழுதுகிறோம்? உங்களில் பலருடைய வேர் இந்த மலைகளில்தான் இருக்கிறது. 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் காணி கண்டவர்கள் நீங்கள். அதன் பின்னர் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தீர்கள். மலையிலும் வன்னியிலும் எமது ஆண்கள் பிடிக்கப்பட்டார்கள். சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். சிலர் கசிப்பு, அடிதடி, போதைப்பொருள் வழக்குகளில். சிலர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல். குற்றம் எதுவானாலும், குற்றமே இல்லாவிட்டாலும், வீட்டில் இருந்த பிள்ளைக்கு நடந்தது ஒன்றுதான். அப்பா இல்லாமல் போனார்.

எமது கருத்து இதுதான். தகப்பன் என்ற உறவு விடுதலைப் பத்திரத்தோடு சேர்த்துக் கையளிக்கப்படுவதில்லை. அதைத் திரும்பவும் உழைத்துத்தான் பெறவேண்டும். அந்த உழைப்பில் முதலடி வைக்கவேண்டியவர் தகப்பனே, மகன் அல்லன். அந்த முதலடிக்கு வழி செய்துகொடுக்கும் கடமை சுற்றியிருக்கும் எம் எல்லோருக்கும் உண்டு.

நூல் அறுவது உள்ளே இருக்கும்போதே

மகன் விலகிப்போவது அப்பா வீட்டுக்கு வந்த அன்று தொடங்குவதில்லை. அவர் உள்ளே இருந்த காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கிளிநொச்சியைச் சேர்ந்த சச்சிதானந்தம் ஆனந்தசுதாகரனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2008இல் கைதாகி, 2017இல் ஆயுள் தண்டனை பெற்றவர். 2018 மார்ச் மாதம் அவருடைய மனைவி நோயால் இறந்தபோது, இறுதிக் கிரியைக்காகச் சில மணி நேரம் மட்டும் காவலுடன் அழைத்துவரப்பட்டார். அவர் திரும்பிப் போகையில் சின்ன மகளும் அப்பாவோடு சிறைச்சாலை வாகனத்தில் ஏறினாள். அந்தப் படத்தைப் பார்த்து நாடே கலங்கியது. அப்பா வீட்டில் இல்லாமலே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் அறிந்த அப்பா வீட்டில் இருந்த அப்பா அல்லர். சிறையில் பார்த்த அப்பா. ஆயினும் மகள் அவரை அடையாளம் கண்டாள், அவரோடு போக விரும்பினாள். எங்கோ ஒரு நூல் அறாமல் இருந்தது.

நூல் தேய்ந்த கதையும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் தமிழ்நாட்டில் கைதான றொபேட் பயஸ் இலங்கைத் தமிழர். குடும்பத்தார் யாரும் நெடுங்காலம் வந்து பார்க்காத நிலையில், 2017இல் தன்னைக் கருணைக் கொலை செய்துவிடுமாறு முதலமைச்சருக்கு எழுதினார். 2019 நவம்பரில் மகனின் திருமண ஏற்பாட்டுக்காக நீதிமன்றம் அவருக்கு 30 நாள் பரோல் கொடுத்தது. 28 வருடத்துக்கு 30 நாள்! 2022 நவம்பரில் விடுதலை. அதன் பிறகும் திருச்சி சிறப்பு முகாம். 2024 ஏப்ரலில்தான் இலங்கை திரும்ப முடிந்தது. வழக்கைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. ஒரு தகப்பன் தன் மகன் வளர்ந்ததைக் காணாமலே அவன் கலியாணத்துக்கு நாள் பார்க்க வரும் நிலையைத்தான் பேசுகிறோம்.

பெரிய மனிதர்களும் இதற்கு விலக்கல்ல. தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1969இல் மூத்த மகன் வாகன விபத்தில் இறந்தபோது அடக்கத்துக்குப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 16 வயது நிரம்பாத பிள்ளைகள் றொபன் தீவுச் சிறைக்குப் பார்க்க வரமுடியாது என்பது அன்றைய விதி. 1990 பெப்ரவரியில் வெளியே வந்தவரை உலகமே வரவேற்றது. ஆனால் அவருடைய மற்ற மகனுக்கும் அவருக்கும் இடையிலிருந்த தூரம் இலகுவில் குறையவில்லை. ஒரு தேசத்தைச் சமாதானப்படுத்தியவருக்கே சொந்த வீட்டில் அது கடினமாக இருந்ததென்றால், தோட்டத்து லயத்தில் ஒரு தொழிலாளி தடுமாறுவதில் வியப்பென்ன?

கொட்டகலையிலிருந்து சிறைக்குப் போய்ப் பார்ப்பது எவ்வளவு பாடு என்பதைப் போய்வந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கண்டி நகரத்தில் இருந்த போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலையிலுள்ள தும்பறைச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். ஹட்டனுக்கு ஒரு பஸ், கண்டிக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து மூன்றாவது. ஒரு நாள் பேர் போகிறது. பஸ் காசும் சாமான் காசும் கைமாற்றாகிறது. சில நிமிடங்கள் பார்க்கிறார்கள். பிள்ளையையும் கூட்டிப்போனால் செலவு கூடும், பாடசாலையும் போகும். ஆகவே முதலில் பிள்ளை நிற்கிறான். பிறகு மனைவியும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். கடைசியில் அப்பாயி மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை போகிறாள்.

கைதிகளை இயன்றவரை அவர்களுடைய வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகள் சொல்கின்றன. அவற்றுக்கு மண்டேலாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது 1991இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயம். ஆகவே பார்க்கப் போவதைக் கைதிக்குக் காட்டும் சலுகையாக எண்ணக்கூடாது. அது பிள்ளைக்குச் சேரவேண்டியது.

பொய்யின் விலை

"அப்பா கொழும்பில் வேலை செய்கிறார்", "அப்பா வெளிநாடு போயிட்டார்." எத்தனை வீடுகளில் இப்படிச் சொல்லியிருக்கிறோம்! பிள்ளை மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்கிறோம். ஆனால் லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். பாடசாலையில் சண்டை வரும் நாளில் எவனாவது உண்மையை முகத்தில் எறிவான். அன்று அந்தப் பிள்ளைக்கு இரண்டு இழப்பு. அப்பாவைப் பற்றிய நம்பிக்கையும் போகிறது, பொய் சொன்ன அம்மாவின் மீதும் அப்பாயியின் மீதும் வைத்த நம்பிக்கையும் போகிறது.

வயதுக்கு ஏற்ற வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. "அப்பா ஒரு தப்புச் செய்தார், அதற்காக மறியலில் இருக்கிறார், உன் மேல் உள்ள பாசம் குறையவில்லை" என்று சொல்லலாம். அநியாயமாகப் பிடிபட்டவர் என்றால் அதையும் சொல்லலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தபோது வழக்கில்லாமலே 18 மாதம் வரை தடுத்துவைக்க இடம் கொடுத்தது. 2022இல்தான் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. எப்போது வருவார் என்று பெரியவர்களுக்கே தெரியாத நிலையில், "தெரியாது, ஆனால் காத்திருக்கிறோம்" என்பதும் உண்மையே. பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள், ஏமாற்றப்பட்டதைத்தான் தாங்கமாட்டார்கள்.

வந்த பிறகு தகப்பனும் உண்மை பேசவேண்டும். மண்டேலாவின் அந்த இன்னொரு மகன் 2005இல் எயிட்ஸ் நோயால் இறந்தபோது, நோயின் பெயரை மறைக்காமல் ஊரறியச் சொன்னவர் தகப்பனே. வெட்கம் என்று பலர் மூடிவைத்ததை அவர் மகனுக்காகத் திறந்து பேசினார். எமது அப்பாமாரும் "நடந்தது இதுதான், உனக்கு இதனால் வந்த கஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மகன் அன்றே கட்டிப்பிடிக்கமாட்டான், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பான்.

கைவிட்ட காணியைப் போல

நீங்கள் விவசாயிகள். பல வருடம் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உறுதி கையில் இருந்தது. ஆனால் காணி காடாகிக் கிடந்தது. வரப்பு எங்கே என்று தெரியவில்லை. காலடியில் என்ன புதைந்திருக்கிறது என்ற பயம் வேறு. "இது என் காணி" என்று கத்தியதால் நெல் விளைந்ததா? பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதல் போகத்தில் கிடைத்த கொஞ்சத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த போகத்துக்குக் காத்திருந்தீர்கள்.

பதினாறு வயது மகனும் அப்படித்தான். "நான் உன் அப்பன்" என்பது உறுதிப் பத்திரம் மட்டுமே. அது விளைச்சல் அல்ல.

ஆகவே, வந்த அப்பாவுக்கு எமது வேண்டுகோள். முதல் சில மாதங்களுக்கு ஏவாதீர்கள், விசாரணை செய்யாதீர்கள், கை நீட்டவே நீட்டாதீர்கள். நீங்கள் இல்லாதபோது அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தவனும், அப்பாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். அந்த இடத்தைப் பிடுங்க வந்தவராக அவன் உங்களைப் பார்க்கிறான். அவனிடம் கேளுங்கள்: "கடையில எவ்வளவு கடன் இருக்கு? கூரையில எந்தத் தகடு ஒழுகுது?" அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்லட்டும், நீங்கள் கேட்டுச் செய்யுங்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தால் இருவரும் சேர்ந்து கரட்டோ லீக்ஸோ போடுங்கள். மண்வெட்டி கையில் இருக்கும்போது முகம் பார்த்துப் பேசவேண்டியதில்லை. பல அப்பாவும் மகனும் பேசத் தொடங்கியது அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ஞாயிறு என்றால் ஞாயிறு வரவேண்டும். சின்ன வாக்கைக் காப்பாற்றினால்தான் பெரிய வாக்கை நம்புவான்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, உன் கோபம் பாவமல்ல. நீ பட்டதை நீதான் அறிவாய். மன்னித்துவிடு என்று யாரும் உன்னை நெருக்க உரிமையில்லை. ஆனால் கதவை முழுதாகப் பூட்டிவிடாதே. ஒரு பிளேன்டீயை ஒன்றாக உட்கார்ந்து குடிப்பது மன்னிப்பு அல்ல; அது ஒரு பிளேன்டீ மட்டுமே. அதிலிருந்து தொடங்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தாயையோ பிள்ளையையோ அடித்து வதைத்துச் சிறை போனவர் திரும்பி வரும்போது, "குடும்பம் ஒன்றுசேரட்டும்" என்று அவசரப்படுத்துவது பெருந்தவறு. அங்கே முதலில் பார்க்கவேண்டியது தாயும் பிள்ளையும் பயமில்லாமல் தூங்குகிறார்களா என்பதே. சேராமல் இருப்பதும் சில வீடுகளில் நியாயமான முடிவுதான்.

நாம் செய்யவேண்டியது

நிபந்தனையுடன் முன்கூட்டி வெளியே வருபவர் குறித்த நாளில் அதிகாரியிடம் போய்க் கையெழுத்திடவேண்டும். வேலை வேண்டும். தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டிருந்தால் காம்பராவும் கேள்விக்குறி. வேலையில்லாத தகப்பன் வீட்டில் முடங்கிக் கிடந்தால் கோபமும் குடியும் வளரும். மகன் இன்னும் தூரம் போவான். ஆகவே தொழிற்சங்கத் தலைவர்மார் துரையிடம் பேசும் விடயங்களில், திரும்பி வந்தவருக்குப் பேர் பதிவதும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னும் சில காரியங்கள் எம் கைக்கு எட்டியவை. மறியலில் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு, வருடத்தில் நாலு தடவையாவது பிள்ளையைக் கூட்டிப்போகும் பஸ் காசை மரண உதவிச் சங்கமோ மாதர் சங்கமோ சேர்த்துக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அப்பாயிக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையின் பெயரோடு "மறியல்காரன் மகன்" என்ற சொல் ஒட்டாமல் காக்கலாம். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யவைக்கும் சட்டம் 1999 முதல் எமது நாட்டில் இருக்கிறது. தண்டப்பணம் கட்டமுடியாமல் ஒரு தகப்பன் உள்ளே போகும் முன்பே, சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய் அந்த வழி உண்டா என்று கேட்கவேண்டும். பிள்ளைக்குத் துணை வேண்டுமானால் நன்னடத்தை அதிகாரி இருக்கிறார். அவரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த லயத்து வாசலில் நாம் சொல்லும் வார்த்தையை மாற்றவேண்டும். "மரியாதை தெரியாத பயல்" என்று மகனைத் திட்டுவதை நிறுத்துவோம். "கள்ளன் வந்துட்டான்" என்று தகப்பனை முணுமுணுப்பதையும் நிறுத்துவோம். இருவருக்கும் கொஞ்சக் காலம் விட்டுக்கொடுப்போம்.

அந்த மகன் என்றாவது ஒருநாள், தோட்டத்துப் பாதையில் முன்னால் போகும் மனிதரைப் பார்த்து, "அப்பா, கொஞ்சம் நில்லுங்க, நானும் வாறேன்" என்று கூப்பிடலாம். அந்த நாளை எம்மால் உண்டாக்க முடியாது. அது வரும்போது குறுக்கே நிற்காமல் இருக்கலாம் அல்லவா?