வேலை போனால் முதலில் தேதியைக் குறித்து வையுங்கள்



ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 2010-இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்தால், அரசின் உத்தரவுக்குக் காத்திராமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். நீக்கிய நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் கெடு சுருங்கிவிட்டது. தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதை விசாரிக்கவே கூடாது.

இது நியாயமில்லை என்பது என் கருத்து. வழக்குகள் சீக்கிரம் முடியத்தான் இந்தக் கெடு என்று சொல்வார்கள். தொழிலாளி தாமதமாக வருவதாலா வழக்கு இழுக்கிறது? வந்த பிறகுதானே வாய்தா மேல் வாய்தா!

அவன் ஏன் தாமதிக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். என்னிடம் படித்த ஒருவனிடம், "ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம், தம்பி" என்று சொல்லி அனுப்பினார்கள். நம்பி 14 மாதம் காத்திருந்தான். வீட்டிலோ, "கேஸ் போட்டால் வேறு எவன் வேலை தருவான்?" என்றார்கள். (உறவினர்களே, இந்தப் பேச்சை நாம் விட வேண்டும்.) பிறகு கம்பெனியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். காத்திருக்க வைத்தவனுக்கே லாபம் தரும் கெடு இது.

இன்னொன்று. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பாக்கிப் பணம் உடனே வரும்" என்பார்கள். எழுதிவிட்டால், நீக்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு இந்த வழி கிடையாது. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வேலை போனவர்கள் யாராவது இருந்தால், நீக்கிய தேதி, கடைசிச் சம்பளச் சீட்டு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பேச்சுவார்த்தை அதன்பாட்டுக்கு நடக்கட்டும். மனு எழுத வரவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.