ரிப்போர்ட் நார்மல், குடல்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் போகிறவர்களில் பலர் ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுத்துவிட்டு, மலத்துக்கான அந்தச் சின்ன டப்பாவை மட்டும் கூச்சத்தோடு தவிர்த்துவிடுகிறார்கள். கொடுத்தவர்களோ ‘நார்மல்’ என்ற தாளைப் பார்த்ததும் குடலுக்கே நற்சான்று கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். வழக்கமான மலப் பரிசோதனை தேடுவது புழு முட்டை, அமீபா, சளி, சீழணுக்கள் போன்றவற்றை. வயிற்றுப்போக்கில் அவதிப்படுபவருக்கு அது உதவும். அதிலும் ஒட்டுண்ணிகள் தினமும் வெளிவருவதில்லை என்பதால், ஒரே நாள் மாதிரியை நம்ப முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் கேட்க வேண்டியது வேறு: கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா? இதைத் தனியாகக் கேட்டால்தான் பல லேப்களில் பார்ப்பார்கள்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கிறது. வலி வருவதற்கு முன்பே ரத்தம் கசியலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், ஆண்டுதோறும் இந்த மறைந்த ரத்தச் சோதனை செய்துகொண்டவர்களிடையே அந்தப் புற்றுநோயால் நேரும் இறப்பு 33 சதவீதம் குறைந்தது. அன்றைய சோதனை, முந்தின நாள் தின்ற ஆட்டுக்கறியிலும் குழம்பக்கூடியது. இப்போதைய ‘ஃபிட்’ சோதனை மனித ரத்தப் புரதத்தை மட்டும் பிடிப்பதால் பத்தியம் தேவையில்லை. இங்கிலாந்து 2019-இல் இதற்கு மாறிவிட்டது. ஜப்பானியர்கள் 1992 முதலே செய்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் புற்றுநோய் மேலைநாடுகளைவிடக் குறைவுதானே என்று கேட்கலாம். உண்மை. அரசுத் திட்டங்கள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றை முதலில் பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது, ஏற்கெனவே பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கு. ‘குடல் பாக்டீரியா ரிப்போர்ட்’ என்று விற்கப்படுவதற்குச் செலவிடும் காசை ஃபிட் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆரோக்கியமான குடலில் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோலே கிடையாது.

மூலம் இருந்தாலும் பாசிட்டிவ் வருமே, வீண் பயம்தானே என்பது வலுவான ஆட்சேபம். பாசிட்டிவ் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் எது மூலம், எது கட்டி என்பதைக் கொலோனோஸ்கோபி செய்து பார்த்தால்தான் தெரியும். ‘மூலச்சூடுதான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதி மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து. (ரத்தம் கண்ணுக்கே தெரிகிறதென்றால் இந்தச் சோதனைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.) மறுபக்கம், ஒரு முறை செய்யும் ஃபிட் ஐந்தில் ஒரு புற்றுநோயைத் தவறவிடுகிறது என்பதால் ஆண்டுதோறும் செய்வதே நல்லது. பாசிட்டிவ் வந்ததும் இன்னொரு லேபில் கொடுத்து நெகட்டிவ் வாங்கி நிம்மதியடைவதில் மட்டும் பயனில்லை. கசிவு விட்டுவிட்டு வருவது. இரண்டாவது மாதிரி, கசியாத ஒரு நாளில் எடுத்ததாக இருந்திருக்கலாம்.